தடைபட்ட ஏடுகள் – 6: உதயம்பேரூரில் ஏழு நாள்

திரெந்து பொதுச்சங்கம் முடிந்த கையோடு, 1564-இல் உரோமை வெளியிட்ட தடைநூல் பட்டியலையும் அதன் பத்து விதிகளையும் சென்ற வாரம் பார்த்தோம். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1560-இல், கோவாவில் விசாரணை மன்றம் அமர்ந்துவிட்டது. ஆனால் உரோமைப் பட்டியல் ஐரோப்பிய அச்சுக்கூடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. லூத்தரும் கால்வினும் அதில் இருந்தார்கள். மலபார்க் கரையின் பழைய கோயில்களில் இருந்தவையோ சுரியானி மொழியில் கையால் எழுதிய நூல்கள். அவற்றில் எதை வைத்துக்கொள்ளலாம், எதை நெருப்பில் போடவேண்டும் என்று முடிவு செய்தது யார்?

நாற்பது வயதுப் பேராயர் ஒருவர். உதயம்பேரூரில் அவர் கூட்டிய மாமன்றத்தில், அதற்கு அவருக்கு ஏழு நாள் போதுமானதாக இருந்தது.

ஆயர் இல்லாத அங்கமாலி

1597-இன் தொடக்கத்தில் அங்கமாலியில் மார் ஆபிரகாம் காலமானார். தோமையார் கிறிஸ்தவர்கள் என்று தங்களை அழைத்துக்கொண்ட கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களுக்குப் பல நூற்றாண்டுகளாக ஆயர்கள் மெசபொத்தேமியாவிலிருந்துதான் வந்தார்கள். வழிபாடு சுரியானியில் நடந்தது. ஆயரோடு நூல்களும் கப்பலேறி வந்தன. வந்தவற்றை இங்குள்ள கத்தனார்கள், அதாவது உள்ளூர்க் குருமார், படியெடுத்தார்கள். அரபிக் கடலில் மிளகு ஒரு திசையில் போக, வேதநூல் எதிர்த் திசையில் வந்தது. போர்த்துகீசியர் வந்து இறங்கியபோது இந்த மக்களைத் தங்கள் சகோதரர்கள் என்று கொண்டாடினார்கள். நெருங்கிப் பழகிய பிறகு, இவர்கள் உரோமையின் நாட்காட்டியையோ வழிபாட்டையோ அறியாதவர்கள் என்று தெரிந்தது. இவர்களுடைய நூல்களில் 431-ஆம் ஆண்டு எபேசு சங்கம் கண்டித்த நெஸ்தோரியுவின் பெயர் புனிதர் வரிசையில் இருந்தது. அங்கே சந்தேகம் தொடங்கியது.

மார் ஆபிரகாம் வெறும் எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. அவர் உரோமைக்கே போய் அங்கீகாரம் வாங்கி வந்தவர். 1585-இல் கோவாவில் கூடிய மூன்றாம் மாகாணச் சங்கத்திலும் உட்கார்ந்தார். சுரியானி நூல்களைத் திருத்தவேண்டும் என்று அந்தச் சங்கம் தீர்மானித்தது. அந்த வேலைக்காக அனுப்பப்பட்டவர் பிரான்சிஸ் ரோஸ் என்ற கட்டலோனிய இயேசு சபைக் குரு. சுரியானி கற்றுத் தேர்ந்தவர். கொடுங்கல்லூருக்கு அருகே வைப்பிக்கோட்டையில் இயேசு சபையார் நடத்திய குருமடத்தில் அந்த மொழியைக் கற்பித்தவர். அந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் எல்லா முடிச்சுகளும் அவர் கையில்தான் வந்து சேரும்.

ஆபிரகாம் இறந்ததும், 1595 முதல் கோவாவின் பேராயராக இருந்த அகுஸ்தீன் சபைத் துறவி அலெய்ஷோ தெ மெனேசெஸ் விரைந்து செயல்பட்டார். மெசபொத்தேமியாவின் கிழக்குச் சபைத் தலைவரான பாபிலோன் மறைமுதுவர் புதிய ஆயர் யாரையும் அனுப்பினால், ஓர்முஸ் துறைமுகத்திலேயே தடுத்துவிடும்படி ஏற்பாடு செய்தார். 1599 பிப்ரவரியில் தானே கொச்சிக்கு வந்து சேர்ந்தார். ஆயரைக் கடலில் தடுக்கலாம், ஏற்கெனவே கரையேறி நூற்றாண்டுகள் ஆகிவிட்ட நூலைத் தடுக்க முடியாது. மெசபொத்தேமியாவோடு இந்தச் சமூகத்தை இணைத்த இரண்டு கயிறுகளில் ஒன்று ஆயர், மற்றது நூல். ஒன்றை அறுத்த பிறகு மற்றொன்றை விட்டுவைத்தால் வேலை பாதிதான். உதயம்பேரூரில் நூல்கள் ஏன் அவ்வளவு முக்கியமாயின என்பதற்கு நெஸ்தோரியுவின் இறையியலைவிட இந்த நிர்வாகக் கணக்கே நல்ல விளக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆயர் இல்லாதபோது சமூகத்தின் தலைமை அர்க்கதியாக்கோன் என்ற உள்ளூர்த் தலைமைக் குருவிடம் இருந்தது. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் கீவர்கீஸ். அவர் சில மாதங்கள் முரண்டு பிடித்தார். மெனேசெஸ் அவரோடு வாதாடி நேரத்தைக் கடத்தவில்லை. ஊர் ஊராகப் போனார், கோயில் கோயிலாகப் பூசை வைத்தார், இளைஞர்கள் பலரைப் புதிதாகக் குருக்களாகத் திருநிலைப்படுத்தினார். கொச்சி அரசரும் போர்த்துகீசியர் பக்கம் நின்றார். தன் காலடியில் மண் சரிவதைக் கண்ட அர்க்கதியாக்கோன் பத்து நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். மறைமாவட்டத்தின் நூல்களையெல்லாம் திருத்தவோ எரிக்கவோ ஒப்படைப்பது அவற்றில் ஒன்று.

மாமன்றம் இன்னும் கூடவே இல்லை. நூல்களின் விதி அதற்குள் எழுதியாகிவிட்டது.

ஜூன் 20, 1599

கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மாமன்றம் தொடங்கியது. 153 கத்தனார்கள், ஊர்களின் சார்பில் வந்த 660 பொதுமக்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிய சபை. வந்த கத்தனார்களில் கணிசமானோர் அதே பேராயரின் கையால் சில வாரங்களுக்கு முன் குருப்பட்டம் பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீர்மானங்கள் போர்த்துகீசிய மொழியில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தன. பள்ளுருத்திக் கோயிலின் யாக்கோபு கத்தனார் அவற்றை மலையாளத்தில் சொன்னார். சபை ஆமோதித்தது. ஜூன் 26-க்குள் ஒன்பது அமர்வுகள் முடிந்துவிட்டன. திருமணம், நோன்பு, குருக்களின் இல்லறம், வாரிசுரிமை, சாதி வழக்கம் என்று ஒரு சமூகத்தின் முழு வாழ்க்கையையும் தொட்ட தீர்மானங்கள் அவை. ஒரு வாரத்தில் அவற்றைப் படித்துக் காட்டவே நேரம் சரியாக இருந்திருக்கும், விவாதிக்க எங்கே நேரம்?

மூன்றாம் அமர்வு விசுவாசத்தைப் பற்றியது. அதில்தான் நூல்கள் வந்தன. பெயர் சொல்லிப் பல நூல்கள் தடை செய்யப்பட்டன. இரட்சகரின் குழந்தைப் பருவம் பற்றிய நூல், பிதாக்களின் நூல், முத்து என்று பெயர் பெற்ற விசுவாச விளக்கம், சங்கங்களின் நூல், ஆண்டவர் நாளைப் பற்றி விண்ணிலிருந்து இறங்கியதாகச் சொல்லப்பட்ட கடிதம், ரப்பான் ஹோர்மிஸ்தின் வரலாறு, குறி பார்க்கும் நூல், பாரிஸ்மான் என்ற பாரசீக மருத்துவ நூல். பட்டியலைப் பார்த்தால் தடை செய்தவர்கள் மேல் கொஞ்சம் இரக்கமும் வருகிறது. விண்ணிலிருந்து விழுந்த கடிதத்தையும் குறி நூலையும் எந்தச் சபையும் கொண்டாடாது. பாரிஸ்மானில் எதிரிக்குத் தீங்கு செய்யவும் பெண்களை வசப்படுத்தவும் வழி இருந்ததாக மாமன்றம் குற்றம் சாட்டியது. அப்படியான பக்கங்கள் இருந்திருந்தால், அவற்றோடு சேர்ந்து காய்ச்சலுக்கும் கட்டிக்கும் சொன்ன பக்கங்களும்தான் போயிருக்கும். நல்லதையும் கெட்டதையும் ஒரே அட்டைக்குள் வைத்திருப்பது கையெழுத்து நூல்களின் இயல்பு. தடை அட்டையைத்தான் பார்க்கும், பக்கத்தைப் பார்க்காது.

இந்த நூல்களை இனி யாரும் வைத்திருக்கக் கூடாது, மொழிபெயர்க்கக் கூடாது, படிக்கக் கூடாது, பிறர் படிக்கக் கேட்கவும் கூடாது. மீறினால் சபை விலக்கு. பட்டியலில் இல்லாத சுரியானி நூல்களையும் இரண்டு மாதங்களுக்குள் பேராயரிடமோ பிரான்சிஸ் ரோஸிடமோ ஒப்படைத்துத் திருத்திப் பெறவேண்டும். மாமன்றம் முடிந்ததும் மெனேசெஸ் ஊர் ஊராகப் பயணம் செய்தார். அங்கமாலி உட்படப் பல இடங்களில் நூல்கள் நெருப்புக்குப் போயின. அவரோடு தொடர்புடைய அகுஸ்தீன் துறவி அந்தோனியோ தெ கோவேயா இதையெல்லாம் பெருமையாக எழுதி 1606-இல் கோயிம்பிராவில் அச்சிட்டார். எரித்தவர்களின் வாக்குமூலத்திலிருந்தே எரிப்பு நமக்குத் தெரிய வருகிறது.

ஒரே ஒரு வசனம்

இந்த அமர்வில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு தீர்மானம் உண்டு. என் வாதத்துக்கு அது நெருப்பைவிட முக்கியம். மாமன்றம் சுரியானி விவிலியத்தையே குறைபாடுள்ளது என்றது. சில மடல்களும் திருவெளிப்பாடும் அதில் இல்லை. யோவான் நற்செய்தியில் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை இல்லை. யோவானின் முதல் மடல் ஐந்தாம் அதிகாரத்தில், விண்ணகத்தில் சான்று பகரும் மூவரைப் பற்றிய வசனம் இல்லை. நெஸ்தோரியர்கள் வேண்டுமென்றே வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, லத்தீன் வுல்காத்தா பாடத்திலிருந்து இவற்றை எடுத்துச் சுரியானிப் படிகளில் சேர்க்கும்படி ஆணையிட்டார்கள்.

அந்த மூவர் வசனத்தின் பிற்கால வரலாறு வேடிக்கையானது. பழைய கிரேக்கப் படிகளில் அது கிடையாது. லத்தீன் மரபில் பின்னால் நுழைந்தது என்பதை ஐரோப்பிய அறிஞர்கள் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். 1897-இல் உரோமையின் திருப்பணி மன்றம், அதன் உண்மைத்தன்மையை ஐயப்படுவது பாதுகாப்பானதல்ல என்று பதில் சொன்னது. 1927-இல் அந்தப் பதிலைத் தளர்த்தியது. 1979-இல் உரோமையே வெளியிட்ட புதிய வுல்காத்தாவில் அந்த வசனம் இல்லை. வெட்டிய குற்றத்துக்கு 1599-இல் ஆளான சுரியானி நூல், அந்த இடத்தில் மூலத்துக்கு நெருக்கமாக இருந்தது. திருத்தியவர்களின் பிரதியில்தான் ஒட்டு இருந்தது. இதைக் கண்டுபிடிக்க உரோமைக்கு 380 ஆண்டு ஆனது.

இதில் யாரையும் கேலி செய்ய வேண்டியதில்லை. 1599-இல் மெனேசெஸுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தன் நூலில் தவறு இருக்கலாம் என்ற சாத்தியத்தை அவருடைய ஆணை முன்கூட்டியே அடைத்துவிட்டது என்பதுதான் பிரச்சினை. எந்த நூலை வைத்து அவருடைய தீர்ப்பைச் சரிபார்த்திருக்கலாமோ, அந்த நூலே திருத்தப்பட்டது. பட்டியலில் இருந்திருந்தால் எரிக்கப்பட்டிருக்கும். குற்றம் சாட்டியவர் கையில் சாட்சியை ஒப்படைத்த வழக்கு அது.

எரிந்தது எது?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். உதயம்பேரூர் நெருப்பைப் பற்றிய பேச்சில் மிகை அதிகம், கேரளத்தில் இன்றும் சுரியானி நூல்கள் இருக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஹங்கேரிய அறிஞர் இஷ்த்வான் பெர்சலும் அவரோடு வேலை செய்தவர்களும் கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேரளத்துக் கோயில்களிலும் மடங்களிலும் இருந்த சுரியானி, மலையாளக் கையெழுத்து நூல்களைத் தேடிப் படமெடுத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பழைய கிழக்குச் சபை மரபின் நூல்கள் முழுதாக அழியவில்லை என்பது இதனால் தெளிவாகிறது. 1599-க்குப் பிறகும் பலர் ஒளித்து வைத்தார்கள், சிலர் படியெடுத்தார்கள். தவிர, பட்டியலில் இருந்த முத்து நூலை எழுதிய அப்தீஷோவின் படைப்புகள் மெசபொத்தேமியாவில் வேறு படிகளில் நன்றாகவே பிழைத்திருக்கின்றன. அப்படியென்றால் இழப்பு எங்கே?

இழப்பு கடைசிப் பக்கத்தில். சுரியானி எழுத்தர்கள் நூலை முடித்ததும், எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தக் கோயிலில், யார் மறைமுதுவராகவும் ஆயராகவும் இருந்த காலத்தில் எழுதினோம் என்று ஒரு குறிப்பு வைப்பார்கள். தப்பிப் பிழைத்த ஒன்றைப் பார்த்தால் அதன் மதிப்பு புரியும். வத்திக்கான் நூலகத்தில் சுரியானி 22 என்ற எண்ணோடு ஒரு வழிபாட்டு வாசக நூல் இருக்கிறது. பவுலின் மடல்களிலிருந்து வாசகங்கள். அதை 1301-இல் கொடுங்கல்லூரில் எழுதியவன் சக்கரியா என்ற பதினான்கு வயதுத் திருத்தொண்டன். அப்போது தலைமை மறைமுதுவர் துருக்கியரான யப்பல்லாகா என்றும், இந்தியத் தோமையார் ஆசனத்தில் மார் யாக்கோபு ஆயராக இருந்தார் என்றும் குறிப்பில் எழுதியிருக்கிறான். அந்த யப்பல்லாகா சீன நாட்டில் பிறந்து பாக்தாத்தில் தலைமை ஏற்றவர். கொடுங்கல்லூர்ச் சிறுவன் ஒருவன் சீனத்திலிருந்து வந்த ஒரு தலைவரின் பெயரைச் சொல்லிப் பவுலின் மடலை எழுதி முடித்தான் என்ற செய்தி, ஒரே ஒரு நூலின் ஒரே ஒரு குறிப்பால்தான் நமக்குக் கிடைக்கிறது. இந்தியாவில் எழுதப்பட்டு ஆண்டு குறித்த சுரியானி நூல்களில் இதைவிடப் பழையது இன்று இல்லை. உதயம்பேரூருக்கு முன்பே கேரளத்தை விட்டு வெளியேறி உரோமைக்குப் போனதால் இது பிழைத்தது.

தடை குறிவைத்தது போதனையை. போதனை வேறு நாட்டில் வேறு படிகளில் பத்திரமாக இருந்தது. அடிபட்டது உள்ளூரின் நினைவு. அங்கமாலியிலும் பறவூரிலும் கடுத்துருத்தியிலும் எந்த நூற்றாண்டில் யார் ஆயராக இருந்தார், எந்தக் கோயில் எப்போது கட்டப்பட்டது, பாரசீகத்திலிருந்து எந்தக் கப்பலில் எது வந்தது என்ற கேள்விகளுக்கு இன்று கேரள வரலாற்றாசிரியர்கள் கொல்லத்தின் தரிசாப்பள்ளிச் செப்பேடு போன்ற உலோகச் சான்றுகளைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கி.பி. 849-இல் வெட்டிய அந்தச் செப்பேடு நெருப்புக்கும் கரையானுக்கும் தப்பியது. காகிதத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கரையானை இங்கே சும்மா சொல்லவில்லை. நெருப்பு எத்தனை நூல்களைத் தின்றது என்ற எண்ணிக்கைச் சண்டையில் இந்த வாதம் அடிக்கடி தடம் மாறிவிடுகிறது. மலபார் மழையில் ஒரு நூல் பிழைக்க ஒரே வழி, அது சிதைவதற்கு முன் இன்னொருவர் அதைப் படியெடுப்பதுதான். தமிழர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் பழைய ஏடுகள் எரிந்து போனதைவிட, படியெடுக்க ஆளில்லாமல் செல்லரித்துப் போனதும் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போனதுமே அதிகம். ஆகவே வைத்திருக்காதே, படிக்காதே, மொழிபெயர்க்காதே என்ற மூன்று வார்த்தைகள் தீக்குச்சியைவிட ஆழமாக வேலை செய்யும். இரண்டு தலைமுறை எழுத்தர்கள் பயந்து கையைக் கட்டிக்கொண்டால் போதும், மிச்சத்தைப் பருவமழை பார்த்துக்கொள்ளும். எத்தனை நூல் தப்பியது என்பதை வைத்துத் தடையின் பலத்தை அளக்க முடியாது. எத்தனை நூல் மறுபடி எழுதப்படவில்லை என்பதுதான் அளவு, அதை எண்ணவும் வழியில்லை.

சொந்த வீட்டைச் சுத்தம் செய்தார்களா?

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஒரு சபை தன் போதனை எது என்று தீர்மானிப்பது அதன் உரிமை. தன் பீடத்தில் எந்த நூலை வாசிப்பது என்று சொல்லவும் உரிமை உண்டு. அதுவும் அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நடந்தார்கள். 1553-இல் கால்வினின் ஜெனீவாவில் மிக்கேல் செர்வேத்துஸை அவர் எழுதிய நூலோடு சேர்த்தே எரித்தார்கள். கத்தோலிக்கரை மட்டும் ஏன் கூண்டில் ஏற்ற வேண்டும்?

பீடத்தில் வாசிப்பதைத் தீர்மானிக்கும் உரிமையை நானும் மறுக்கவில்லை. அந்த உரிமைக்கு ஓர் எல்லை உண்டு, உதயம்பேரூர் அதைத் தாண்டியது. கோயிலில் வாசிக்காதே என்று மட்டும் சொல்லியிருந்தால் அது சபையின் ஒழுங்கு. வீட்டில் வைத்திருக்காதே, வைத்தியத்துக்கும் புரட்டாதே, பிறர் படிக்கக் காது கொடுக்காதே என்பது அதிகாரத்தின் வேறொரு வகை. இன்னொன்றும் உண்டு. தீர்ப்புச் சொல்பவர் நூலைப் படித்திருக்க வேண்டும். தலைமை தாங்கிய மெனேசெஸுக்குச் சுரியானி தெரியாது. தெரிந்த ரோஸ் ஒருவர், அவருக்கு உதவிய சிலர். ஒரு சமூகம் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்த நூல்களை அந்தச் சிலர் இரண்டு மாதத் தவணையில் படித்துத் தரம் பிரிப்பது நடக்கிற காரியமா? இப்படிக் கேட்பவர்கள் சபைக்கு வெளியே மட்டும் இல்லை. உதயம்பேரூர் மாமன்றம் திருச்சபைச் சட்டப்படி செல்லாது என்று வாதிட்டு 1958-இல் உரோமையில் ஆய்வேடு வெளியிட்டவர் யோனாஸ் தாலியத் என்ற கேரளத்துக் கத்தோலிக்கக் குரு. எட்டே ஆண்டில், 1966 ஜூன் 14-இல், தடைநூல் பட்டியலுக்குச் சட்ட வலு இனி இல்லை என்று உரோமை அறிவித்தது.

அந்தக் காலத்து வழக்கம் என்ற வாதமும் பாதிதான் தாங்கும். அதே கரையில் சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு வழியும் நடைமுறையில் இருந்தது. 1578-இல் கொல்லத்தில் இயேசு சபையார் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கம் அச்சிட்டார்கள். ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் தமிழ் கற்று, பரவர் மக்களுக்காகத் தமிழிலேயே எழுதினார். நூல் கொடுத்து மக்களை வெல்லத் தெரிந்த அதே சபைதான் நூலைப் பறித்தும் வெல்ல முயன்றது. இரண்டும் அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. முத்துக்குளித்துறையில் பறிக்கப் பழைய கிறிஸ்தவ நூல் இல்லை, ஆகவே கொடுத்தார்கள். அங்கமாலியில் இருந்தது, ஆகவே பறித்தார்கள்.

சுங்கை பாக்காப்பில் இதைப் படிப்பவருக்கு

நானூறு ஆண்டு முந்தைய கேரளத்துச் சண்டை பினாங்கில் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். சுங்கை பாக்காப், நிபோங் திபால் போன்ற தோட்டப்புறங்களின் பழைய வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு மலையாளிக் கிராணி புதியவர் அல்ல. மலாயாவுக்குக் கிராணியாகவும் மருந்தகத்து டிரசராகவும் ஆசிரியராகவும் வந்த மலையாளிகளில் சிரியன் கிறிஸ்தவர்கள் கணிசமாக இருந்தார்கள். இந்த நாட்டில் மார்த்தோமா சபைக்கும் ஆர்த்தடாக்ஸ் சிரியன் சபைக்கும் தனித்தனிக் கோயில்கள் இருக்கின்றன. ஒரே சமூகம் ஏன் இத்தனை கிளையாகப் பிரிந்தது என்று தேடிப் போனால், 1653 ஜனவரி 3-இல் மட்டாஞ்சேரியில் சிலுவையில் கயிறு கட்டி, இயேசு சபையாருக்கு இனி அடங்கமாட்டோம் என்று எடுத்த கூனன் குருசு சபதம் வரும். அதற்கும் பின்னால் போனால் உதயம்பேரூர் வந்துவிடும்.

இன்னொரு தொடர்பு இன்றைய சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மலேசியாவின் 1984-ஆம் ஆண்டு அச்சுக்கூட, பதிப்புச் சட்டத்தின் ஏழாம் பிரிவின்படி ஒரு நூலைத் தடை செய்தால், அச்சடிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றமாகலாம். வைத்திருப்பதைக் குற்றமாக்குவது எவ்வளவு பழைய கருவி என்பது இப்போது வாசகர்களுக்குத் தெரியும். வரலாறு செய்த திருப்பம் என்னவென்றால், இங்கே அந்தக் கருவியின் மறுமுனையில் நின்றது கத்தோலிக்கத் திருச்சபை. மலாய் மொழி விவிலியத்துக்கு 1980-களிலிருந்தே கட்டுப்பாடு உண்டு. 2011-இல் கிள்ளான் துறைமுகத்திலும் கூச்சிங்கிலும் முடக்கி வைத்த சுமார் 35,000 மலாய் விவிலியங்களை விடுவிக்க அரசு பத்து அம்சத் தீர்வை அறிவிக்க வேண்டியதாயிற்று. கத்தோலிக்க வார இதழான ஹெரால்ட் நான்கு மொழிகளில் வருகிறது. அதன் மலாய்ப் பகுதியில் 'அல்லா' என்ற சொல்லைப் பயன்படுத்த வந்த தடையை எதிர்த்துத் திருச்சபை வழக்காடி, 2009 டிசம்பர் 31-இல் உயர்நீதிமன்றத்தில் வென்றது. 2013-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு வழக்காட அனுமதி தரவில்லை. தமிழ்ப் பகுதிக்கு எந்தத் தொல்லையும் இல்லை. யாருடைய மொழியில், யார் கண்ணில் படும் என்பதைப் பொறுத்தே தடை விழுகிறது. உதயம்பேரூரிலும் சுரியானிதான் இலக்கு, தமிழ் அச்சு இல்லை.

ரோஸ்

மெனேசெஸ் வேலையை முடித்துக்கொண்டு கோவாவுக்குத் திரும்பினார். பின்னர் ஐரோப்பாவுக்கும் போய்விட்டார். அங்கமாலியின் ஆயர் ஆசனத்தில், மெசபொத்தேமிய வரிசையை முறித்து, முதல் லத்தீன் ஆயராக 1601-இல் பிரான்சிஸ் ரோஸ் அமர்ந்தார். சுரியானி நூல்களைத் தேடித் திருத்தியவரும் அவற்றை நன்றாகப் படிக்கத் தெரிந்த ஐரோப்பியரும் ஒருவரே. நெஸ்தோரியுவின் பெயரைச் சுரண்டி எடுத்த கை, அந்த மொழியின் அழகையும் அறிந்த கை. அவருடைய ஆட்சி எல்லை மலபாரோடு நிற்கவில்லை. மலைக்கு இந்தப் பக்கம், மதுரை வரை நீண்டது.

1606 நவம்பரில் அந்த மதுரைக்கு இத்தாலியிலிருந்து வந்த ஓர் இயேசு சபைக் குரு போய்ச் சேர்ந்தார். ராபர்ட் தெ நோபிலி. காவி உடுத்தார், பூணூல் அணிந்தார், தமிழோடு சமஸ்கிருதமும் கற்றார், பிராமணர்களின் நூல்களைத் தேடிப் படித்தார், அவற்றை மேற்கோள் காட்டி எழுதினார். கோவாவில் எதிர்ப்பு மூண்டது. மூவர் வசனம் இல்லை என்பதற்காகச் சுரியானி விவிலியத்தையே திருத்தச் சொன்ன சபையில், கிறிஸ்துவின் பெயரே இல்லாத நூல்களைப் படிக்கும் குருவுக்கு என்ன நடந்திருக்கும்?

கோவாவின் எதிர்ப்புக்கு எதிராக நோபிலியின் பக்கம் நின்று, அவருக்கு அரணாக இருந்த ஆயர் பிரான்சிஸ் ரோஸ்.

உள்வீட்டு நூலைத் திருத்தியவர், அடுத்த வீட்டு நூலைப் படிக்க ஏன் அனுமதித்தார்? இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அந்தச் சுரியானி ஏடுகள் அவருக்கு எதையாவது கற்றுக்கொடுத்தனவா, அல்லது வேறொரு கணக்கு இருந்ததா?

(அடுத்த வாரம்: மதுரையில் ஓர் ஐயர்)